பேனரோட அனுப்பாதீங்க, கையில மண்வெட்டி குடுங்க!

வேளாண் கல்லூரியில் இளநிலை படிக்கும் பிள்ளைகள் இறுதியாண்டில் ‘ஊரக வேளாண் பணி அனுபவம்’ பெற கிராமங்களில் வந்து தங்குகிறார்கள். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் ‘ஸ்டூடன்ட் ரெடி’ திட்டத்தில் இது ஒரு பகுதி. ஊர் வரைபடம் போடுவாங்க, விதைநேர்த்தி செஞ்சு காட்டுவாங்க, மஞ்சள் ஒட்டும் பொறி கட்டுவாங்க. பேனரைப் பிடிச்சு ஒரு போட்டோ எடுத்ததும் அடுத்த தோட்டத்துக்குக் கிளம்பிருவாங்க. நாமளும் டீ கொடுத்து அனுப்பி விடுகிறோம்.

இந்தப் பிள்ளைகளில் பலர் நாளைக்கு வேளாண்மை அலுவலராகவோ, பயிர்க்கடன் பார்க்கும் வங்கி அதிகாரியாகவோ, உரக் கம்பெனி ஆளாகவோ நம்மிடமே வருவார்கள். ‘இயற்கை விவசாயத்துல விளையுமா?’ என்று ஒரு விவசாயி கேட்டால், அவர்கள் சொல்லும் பதிலில் இன்றைக்கு நம்ம காட்டில் பார்த்ததும் இருக்கும். அதனால் மூணு வேலை குடுங்க.

ஜீவாமிர்தம்: 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி தோட்டத்து மண். அளவு அவங்க நோட்டிலேயே இருக்கும். ஆனால் ரெண்டு நாளும் வந்து காலை, மாலை கலக்கினால்தான் நுரை கட்டுவதும் வாடை மாறுவதும் புரியும்.

பூச்சிக் கணக்கு: அசுவினி விழுந்த செடிகளைக் காட்டி, ஒரு வாரம் தினமும் எண்ணச் சொல்லுங்க. அசுவினி எத்தனை, பொறிவண்டு எத்தனை, அதன் புழு எத்தனை? பொறிவண்டின் புழுவைக் கெட்ட புழு என்று நினைத்து மருந்தடிப்பவர்கள் உண்டு. அதை அடையாளம் கண்ட பிள்ளை, மருந்துச் சீட்டு எழுதுமுன் ஒருதரம் யோசிக்கும்.

வரவு செலவு நோட்டு: நஷ்டப்பட்ட வருஷத்தையும் மறைக்காமக் காட்டுங்க. மகசூல் குறைஞ்சது எதனால, மிச்சமானது எந்தச் செலவு என்று அவங்களே கணக்குப் போடட்டும்.

நம்மாழ்வார் ஐயாவும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்தவர்தான். 1963-ல் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே நடக்கும் ஆய்வு மானாவாரி விவசாயிக்கு உதவவில்லை என்று கண்டு வெளியே வந்தார். பிறகு அவர் பாடம் படித்தது உழவர்களிடம்.

அடுத்த முறை மாணவர்கள் வந்து நின்றால், “ஒரு நாள் போதாது தம்பி, வாரத்துக்கு ரெண்டு நாள் வாங்க” என்று முதலிலேயே சொல்லிடுங்க. கூட வரும் பேராசிரியரிடமும் பேசி வையுங்க. அந்தப் பிள்ளைங்களுக்கு நம்ம காடும் ஒரு வகுப்பறைதான், வாத்தியார் நாமதான்.