புயல் இரவுக்கு ஆயத்தமாவது எப்படி?



"வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகியுள்ளது" என்பது ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் காதுக்குப் பழகிப்போன செய்தி. பெரும்பாலும் அது இரண்டு நாள் மழையோடு முடிந்துவிடுகிறது. பள்ளிக்கு விடுமுறை விட்டார்களா என்று கேட்பதோடு நம் விசாரணையும் முடிந்துவிடுகிறது. அந்தப் பழக்கமே ஆபத்தாகிவிடுகிற ஆண்டுகளும் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது, கரையோரக் குப்பங்களிலிருந்து பலர் முகாம்களுக்குப் போயிருந்தார்கள். கடலை விட்டுத் தள்ளியிருந்த பட்டுக்கோட்டை, பேராவூரணி, புதுக்கோட்டைப் பக்கங்களில், புயல் என்பது கடற்கரைக்காரர்களின் கவலை என்றிருந்த குடும்பங்கள் எத்தனையோ. அவர்களுடைய ஓடுகளும் தென்னைகளும் அன்றைக்கே போயின. மின்சாரம் திரும்பி வரப் பல ஊர்களில் வாரங்கள் ஆயின.

ஆகவே கடலோரத்தில் வாழ்கிறவர்களுக்கும், அங்கே உறவினர் உள்ளவர்களுக்கும், மழைக்காலம் முற்றுமுன் தெரிந்திருக்க வேண்டிய சில காரியங்களை இங்கே எழுதுகிறோம்.

வீட்டில் இருக்கலாமா, கிளம்பலாமா?

முதலில் எழும் கேள்வி இதுதான். இதற்கான பதில் நம்முடைய தைரியத்தில் இல்லை. கூரையிலும், வீடு நிற்கிற தரையின் உயரத்திலும் இருக்கிறது. கீற்று வேய்ந்த வீடு, தகரமோ ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டோ போட்ட வீடு, மண்சுவர் வீடு, சுவரில் விரிசல் கண்ட பழைய ஓட்டு வீடு ஆகியவற்றில் இருப்பவர்கள் கிளம்பிவிட வேண்டும். கான்கிரீட் தளம் போட்ட உறுதியான வீடாக இருந்தாலும், கடலோரத் தாழ்வான இடத்திலோ ஆற்று முகத்துவாரத்தின் அருகிலோ இருந்தால் அதுவும் தங்கத்தக்க வீடல்ல. பெரும்புயல்களில் காற்றைவிட அதிகமான உயிர்களைக் கொண்டுபோனது கடல் நீர்தான். 1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியில் பயணிகளோடு வந்த ரயிலையே கடல் அடித்துச் சென்றது. 1977 நவம்பர் 19 அன்று ஆந்திராவின் திவிசீமைப் பகுதியில் ஏறக்குறைய 5 மீட்டர் உயரத்துக்கு எழும்பி ஊருக்குள் நுழைந்த நீரில் இறந்தவர்கள் சுமார் 10,000 பேர்.

புயல் நம்மை நேராக நோக்கி மேற்கே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்முடைய கடலில் புயற்காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. அதனால் புயலின் மையத்துக்கு வடக்கே உள்ள ஊர்களில் காற்று கடலிலிருந்து தரையை நோக்கி அடித்து, நீரையும் தள்ளிக்கொண்டு வருகிறது. மையத்துக்குத் தெற்கே உள்ள ஊர்களில் கடல் பின்வாங்குவதும் உண்டு. கடல் உள்வாங்கியதைப் பார்த்து ஆபத்து விலகிவிட்டது என்று எண்ணிக் கரைக்குப் போகக் கூடாது.

வீட்டை விட்டுப் போவதால் பயன் உண்டா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒடிசாவைக் காட்டலாம். 1999 அக்டோபர் 29 அன்று வந்த பெரும்புயலில் அங்கே சுமார் 10,000 பேர் மடிந்தார்கள். 2013 அக்டோபர் 12 அன்று பைலின் புயல் வந்தபோது அரசு முன்கூட்டியே ஏறக்குறைய 10 லட்சம் பேரை அப்புறப்படுத்திவிட்டது. இறந்தவர்கள் 50 பேருக்கும் குறைவு. அதுவும் மிகக் கடுமையான புயல்தான்.

இதெல்லாம் தெரிந்தும் மக்கள் கிளம்பத் தயங்குகிறார்கள். ஆடு, கோழியை யார் பார்ப்பது? வலையையும் படகு இன்ஜினையும் விட்டுப் போனால் திரும்பி வரும்போது இருக்குமா? வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் எப்படிப் படுப்பது? கழிப்பறை எங்கே? இவை சாக்குப்போக்குகள் அல்ல. நியாயமான கேள்விகள். சபைக் கூடமோ பள்ளியோ உங்கள் பொறுப்பில் இருந்தால், சாவி யாரிடம் இருக்கிறது, பெண்களுக்குத் தனி அறை உண்டா, கழிப்பறையில் தண்ணீரும் வெளிச்சமும் உண்டா, ஆட்டைக் கட்ட இடம் உண்டா என்று இப்போதே பாருங்கள். அது சரியாக இருந்தால் மக்கள் பொழுதோடு வந்துவிடுவார்கள். "அறுபத்து நாலு புயலையே பார்த்தவன் நான்" என்று திண்ணையை விட்டு எழ மறுக்கும் பெரியவர் அநேகமாக ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் இருப்பார். அவரிடம் வானிலைக் கணக்குப் பேசிப் பயனில்லை. "தாத்தா, நீங்க வரலேன்னா பிள்ளைங்களும் வரமாட்டேங்குது" என்று பேரப்பிள்ளையை விட்டுக் கூப்பிடுங்கள், எழுந்து வந்துவிடுவார்.

எந்த முடிவானாலும் பகல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். காற்று ஏறின பிறகு, இருட்டில், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்குவது வீட்டில் இருப்பதைவிட ஆபத்தானது.

கூண்டு எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. "எட்டாம் நம்பர்தான் ஏற்றியிருக்கிறார்கள், பத்து ஏற்றினால் பார்க்கலாம்" என்று சொல்வதுண்டு. இது தவறான கணக்கு. 8, 9, 10 ஆகிய மூன்றுமே கடும் புயலுக்குரிய பெரும் அபாயக் கூண்டுகள்தான். புயல் துறைமுகத்துக்கு ஒரு பக்கமாகக் கடக்குமா, மறுபக்கமாகவா, அல்லது துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலேயோ கடக்குமா என்பதைத்தான் அந்த எண்கள் பிரித்துச் சொல்லுகின்றன. 11 என்பது தகவல் தொடர்பே அற்றுப்போனதைக் குறிக்கும். எட்டு ஏற்றியாயிற்று என்றால் நம்முடைய ஆயத்தம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

வீட்டைக் கட்டுவது

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தாக்கம் நான்கு மடங்காகும். 60 கிலோமீட்டர் வேகக் காற்றைத் தாங்கின கூரை 120 கிலோமீட்டரையும் தாங்கும் என்று நினைக்க வேண்டாம். காற்று கூரையைக் கீழே அழுத்துவதில்லை, மேலே தூக்குகிறது. காற்றை எதிர்கொண்ட சன்னலோ கதவோ திறந்துகொண்டால், உள்ளே புகுந்த காற்று கீழிருந்தும் கூரையைத் தள்ளும். அப்போதுதான் கூரை கழன்று பறக்கிறது. காற்று புகுந்து வெளியேறட்டும் என்று சன்னல்களைத் திறந்துவைக்கச் சொல்லும் பழைய யோசனை சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதைக் கைவிட வேண்டும். எல்லாவற்றையும் அடைத்து, கதவுகளுக்கு உள்ளே குறுக்குக் கட்டை கொடுங்கள். கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே பலகை அடியுங்கள். கண்ணாடியில் ஒட்டும் காகித நாடா கண்ணாடியைக் காப்பாற்றாது.

கூரை வீட்டையும் தகர வீட்டையும் விட்டுப் போகிறவர்கள், போகுமுன் பழைய மீன்வலையைக் கூரை மேல் விரித்து, ஓரங்களைக் கயிற்றால் இழுத்து, தரையில் ஆழமாக அடித்த முளைகளில் கட்டிவிட்டுப் போகலாம். செலவில்லாத வேலை. தகரம் போட்டவர்கள் கொக்கி போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று புரட்டாசியிலேயே பார்த்து மாற்ற வேண்டும். புயல் செய்தி வந்தபின் கூரை மேல் ஏறக் கூடாது.

வீட்டருகே உள்ள தென்னையிலிருந்து முற்றின காய்களையும் காய்ந்த மட்டைகளையும் இறக்கிவிடுங்கள். புயலில் ஒரு தேங்காய் பீரங்கிக் குண்டுக்குச் சமம். முருங்கை மரம் எளிதில் முறியும், கிளைகளை முன்பே கழித்துவிடுங்கள். முற்றத்தில் கிடக்கும் செங்கல், தகரத் துண்டு, பூந்தொட்டி, மாடியில் கிடக்கும் பழைய நாற்காலி எல்லாம் உள்ளே வரட்டும். மொட்டைமாடியில் பிளாஸ்டிக் தொட்டி இருந்தால் நிரப்பிவையுங்கள். நிறைந்த தொட்டி பறக்காது, பிற்பாடு தண்ணீரும் உதவும். மாடு, ஆடுகளைத் தொழுவத்தில் கட்டிப்போட வேண்டாம். கயிற்றை அவிழ்த்துவிட்டால் அவை மேட்டைத் தேடிப் போகும்.

வீட்டுக்குள் வேண்டியவை நீங்கள் அறிந்தவைதான்: மூன்று நாளைக்குக் குடிநீர், அவல், பொரிகடலை, வெல்லம், பிஸ்கட்டு, டார்ச்சு, முழுதும் சார்ஜ் ஏற்றிய கைபேசி, பேட்டரியில் பாடும் சிறு வானொலி. குடும்ப அட்டை, ஆதார், பட்டா, வங்கிப் புத்தகம் இவற்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இறுகக் கட்டுங்கள்.

இதைவிட முக்கியமாக நாங்கள் கருதுவது மருந்துதான். வலிப்பு, காசநோய், சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் குறைந்தது இரண்டு வாரத்துக்கு வாங்கி வைத்திருக்க வேண்டும். புயலுக்குப் பின் சாலை திறக்கும்வரை நோய் காத்திருப்பதில்லை. இன்சுலின் ஊசி போடுகிறவர்கள், குளிர்பெட்டி நின்றுபோகும் என்று எதிர்பார்த்து ஒரு மண்பானை ஏற்பாடு செய்யுங்கள். பானையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அதனுள் ஒரு சிறு பாத்திரம் வைத்து, மருந்துப் புட்டியைத் தண்ணீர் படாமல் அதில் வைத்து, ஈரத் துணியால் மூடி நிழலில் வைக்கலாம். பிரசவ நாள் நெருங்கின தாய்மாரை இரண்டு நாளைக்கு முன்பே மருத்துவமனை உள்ள ஊருக்கு அனுப்பிவிடுங்கள். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களும், ஆக்சிஜன் இயந்திரம் வைத்திருப்பவர்களும் அப்படியே.

காற்று நிற்கும் நேரம்

காற்று வலுத்ததும் மெயின் சுவிட்சை நிறுத்தி, எரிவாயு உருளையையும் மூடிவிடுங்கள். சன்னல் இல்லாத, அல்லது மிகச் சிறிய சன்னல் உள்ள உள்ளறை ஒன்றில் எல்லாரும் கூடியிருங்கள். சிறு பிள்ளைகளையும் முதியோரையும் கட்டிலுக்கோ கனமான மேசைக்கோ அடியில் மெத்தை விரித்துப் படுக்கவைக்கலாம். மண்ணெண்ணெய் விளக்கைவிட டார்ச்சு நல்லது.

இனி நாங்கள் சொல்லப்போவதை வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டுங்கள். புயலின் மையம் நம் ஊர் வழியாகக் கடந்தால், உச்சத்தில் அடித்துக்கொண்டிருந்த காற்று திடீரென்று ஓய்ந்துவிடும். மழையும் விடலாம், நட்சத்திரமும் தெரியலாம். புயல் போய்விட்டது என்றே தோன்றும். உண்மையில் பாதிதான் போயிருக்கிறது. அந்த அமைதி கால் மணி நேரமாகவும் இருக்கலாம், ஒரு மணி நேரத்தையும் தாண்டலாம். பிறகு காற்று எதிர்த்திசையிலிருந்து, முன்னறிவிப்பில்லாமல், அதே வேகத்தில் அடிக்கும். மேற்கு நோக்கி வரும் புயலானால் முதலில் வடக்கிலிருந்தும், மையம் கடந்தபின் தெற்கிலிருந்தும் அடிக்கும். முதல் பாதியில் வடக்கே ஆட்டங்கண்ட மரங்களும் சுவர்களும் இரண்டாம் பாதியில் மறுபுறம் தள்ளப்பட்டு விழும். 2016 டிசம்பர் 12 பிற்பகலில் வர்தா புயல் சென்னை மேல் கடந்தபோது இந்த இடைவெளியை நகரத்தின் பல பகுதிகளில் உணர்ந்தார்கள்.

காற்று நின்றவுடன் பக்கத்து வீட்டாரைப் பார்க்கவும், பறந்த ஓட்டை எடுக்கவும், மாட்டைத் தேடவும் மனம் துடிக்கும். அது இயல்பே. ஆனாலும் வானொலியில் புயல் கரையைக் கடந்துவிட்டது என்று அறிவிக்கும்வரை வாசற்படியைத் தாண்ட வேண்டாம். வீட்டின் ஒரு பகுதி இடிந்துவிட்டதால் உறுதியான பக்கத்து வீட்டுக்கு மாற வேண்டுமானால் மட்டும், அந்த அமைதியில் விரைந்து மாறிக்கொள்ளலாம்.

விடிந்த பின்

புயல் இரவைப் பிழைத்தவர்கள் அடுத்த நாட்களில் காயப்படுவது அதிகம். அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இல்லை என்று யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. தண்ணீரில் மூழ்கிய கம்பி கண்ணுக்கும் தெரியாது. ஈரக் கூரையில் ஓடு மாற்ற ஏறி வழுக்கி விழுகிறவர்களும், சாய்ந்த மரத்தை அறுக்கும்போது அது திரும்பி அடித்துக் கால் முறிந்தவர்களும் ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் மருத்துவமனைகளுக்கு வருகிறார்கள். ஆணி குத்தினால் காயத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, தாமதிக்காமல் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ தாழ்வாரத்திலோ ஓட்டவே கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

பாம்புகளும் நம்மைப் போலவே உலர்ந்த இடம் தேடி வந்திருக்கும். விறகையும் பாய்ச்சுருளையும் கையால் எடுக்காமல் கம்பால் தட்டிப் பாருங்கள். கடித்துவிட்டால் கீறவும் வேண்டாம், இறுகக் கட்டவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் சட்டம் வைத்துக் கட்டி, விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். ஆம்புலன்சுக்கு 108, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070. கைபேசியில் சார்ஜ் இறங்கிப்போகும், ஆகவே சுவரில் கரியால் எழுதிவையுங்கள்.

தேங்கிய நீரில் வெறுங்காலோடு நடந்தவருக்கு ஒரு வாரம், பத்து நாளில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் கண்டால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். தொடக்கத்திலேயே வந்தால் எளிய மருந்தில் குணமாகும். வயிற்றுப்போக்கு கண்டால் ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, அடிக்கடி கொடுங்கள். குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

வெள்ளம் புகுந்த கிணற்றை முதலில் இறைத்துவிட வேண்டும். சாதாரண நாட்களில் 1000 லிட்டர் நீருக்குச் சுமார் 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் போட்டு ஒரு மணி நேரம் விட்டால் போதும். கலங்கின நீருக்கு அது போதாது. அளவைச் சுகாதார ஆய்வாளர் வந்து பார்த்துச் சொல்லட்டும். அவர் சரி என்று சொல்லும் நாள்வரை குடிநீரைக் கொப்பளிக்கும்படி கொதிக்கவைத்தே குடியுங்கள், விருந்தாளிக்குக் கொடுக்கும் தண்ணீரையும் சேர்த்து.