கேரவனின் பின்னே காரா?

குடும்பத்துடன் கேரவன் அமர்த்திக்கொண்டு பழவேற்காட்டுக்குப் புறப்பட எண்ணுகிறீர்களா? மேலைநாட்டார் அத்தகைய வண்டியின் பின்னே சிறு காரொன்றைப் பிணைத்து இழுத்துச் செல்வர். பெரிய வண்டியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டுக் காரில் சுற்றலாமல்லவா? பழவேற்காட்டுத் தெருக்களையும் மீனவர் குப்பங்களின் மணற்பாதைகளையும் அறிந்தவர்களுக்கு அது நல்ல யோசனையாகவே தோன்றும். இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் கேரவனைத் திருப்பிக்கொண்டிருக்க இயலுமா?

ஆனால், நம் நாட்டுச் சட்டம் இதற்கு இடந்தரவில்லை. 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளின்படி, பழுதுற்ற வண்டி, பதிவு பெற்ற டிரெய்லர் போன்றவற்றையே இழுத்துச் செல்லலாம். நன்றாக ஓடும் காரை அன்று. சட்டம் ஒருபுறமிருக்க, ஆட்டோமேட்டிக் கார்கள் பலவற்றில் எஞ்சின் ஓடாமல் சக்கரம் மட்டும் சுழன்றால் கியர்ப்பெட்டிக்குள் எண்ணெய் பாய்வதில்லை, பெட்டி கெட்டுவிடும். செலவை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்!

ஆகவே, நம்பகமான ஒருவர் காரைத் தனியே ஓட்டி வரட்டும். அப்படி ஆள் இல்லையேல் கேரவனையே விட்டுவிடுங்கள். சென்னையிலிருந்து பொன்னேரிவரை புறநகர் ரயிலில் வந்து, எஞ்சிய சுமார் 20 கி.மீ. தொலைவை வாடகைக் காரில் கடக்கலாம். டச்சுக் கல்லறைகளும், சின்னப் பள்ளிவாசலின் சூரியக் கடிகாரமும் ஊருக்குள்ளேயே உள்ளன. உம்மாவுக்கு மூட்டுவலி இருப்பின், அந்தக் காரை மாலைவரை நிறுத்தி வைத்துக்கொள்ளுங்கள். வாடகையை முன்கூட்டியே பேசிவிடுவது நலம்.