வார்டில் பயிலும் முதுநிலைப் பட்டம்

பெங்களூரின் ஓசூர் சாலை, கோரமங்கலா பகுதி மருத்துவமனைகளில் பணிபுரியும் தமிழ்ச் செவிலியர் பலர் நம் வாடிக்கையாளர்கள். பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் சில ஆண்டுகள் உழைத்தவருக்கு அடுத்த படி எது? எம்.எஸ்ஸி. நர்சிங் பயின்றால் பெரும்பாலும் ஆசிரியப் பணிதான். நோயாளியின் கட்டிலை விட்டு விலக நேரிடும். விலக மனமில்லாதவருக்கு வேறொரு வழியும் உண்டு.

1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்னும் செவிலியரும் ஹென்றி சில்வர் என்னும் குழந்தை மருத்துவரும் 'நர்ஸ் பிராக்டிஷனர்' பயிற்சியைத் தொடங்கினர். இன்று அமெரிக்காவில் வயது வந்தோருக்கும் முதியோருக்கும் என இதில் தனிப் பிரிவே இயங்குகிறது. நம் நாட்டில் இதற்கு நெருக்கமானது, இந்திய நர்சிங் மன்றம் வகுத்துள்ள 'தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிஷனர்' என்னும் ஈராண்டு முதுநிலைப் படிப்பு. பி.எஸ்ஸி. பட்டமும் பதிவும் ஓராண்டு மருத்துவமனை அனுபவமும் வேண்டும். ஐந்தில் ஒரு பங்கே வகுப்பறைப் பாடம். எஞ்சிய நான்கு பங்கும் நோயாளியின் அருகிலேயே. உடல்நிலையை முழுமையாக ஆராய்தல், செயற்கைச் சுவாசக் கருவியைக் கையாளுதல், மருந்தியல் எனப் பாடங்கள் ஆழமானவை. எனினும், அமெரிக்காவில் உள்ளதுபோல் சொந்தப் பொறுப்பில் மருந்து எழுத இங்கு இயலாது. மருத்துவமனை ஏற்றுள்ள நெறிமுறைக்கு உட்பட்டே செயல்பட வேண்டும்.

ஊருக்கு மாதந்தோறும் பணம் அனுப்பும் ஒருவர் ஈராண்டுச் சம்பளத்தை இழக்கத் துணிவது எளிதன்று. பணியிலிருந்தபடி சேர்வோருக்கு ஊதியம் தொடர வேண்டும் என்பது மன்றத்தின் நெறி. உங்கள் நிர்வாகம் அதற்கு உடன்படுகிறதா என்பதை எழுத்தில் பெறுங்கள். படித்து முடித்தபின் அதற்கெனத் தனிப் பதவியும் ஊதிய உயர்வும் உண்டா என்பதையும் கேளுங்கள். பட்டம் பெற்றும் பழைய பதவியிலேயே நீடிக்க நேர்ந்தால், கடன் தவணை சுமையாகிவிடும். கல்லூரிக்கு இந்தப் படிப்பிற்கான அங்கீகாரம் உள்ளதா என்று பார்ப்பதோ அனைத்திற்கும் முந்தியது.

கடன் தேவைப்படுவோர்க்கு: வங்கிகளின் பொதுக் கல்விக் கடன் திட்டத்தில் 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை கேட்கப்படுவதில்லை. பெற்றோரோ, மணமானவராயின் கணவரோ மனைவியோ இணைக் கடன்தாரராகக் கையொப்பமிடுவர். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை இல்லை. ஆனால் அக்காலத்திலும் வட்டி சேரும். சம்பளம் தொடர்பவர் அதனை மாதந்தோறும் செலுத்திவிடுவது நலம். பழைய வருமான வரி முறையில் இருப்போருக்கு, செலுத்தும் வட்டி முழுமைக்கும் எட்டு ஆண்டுகள் வரை வரிக் கழிவு உண்டு. சேர்க்கைக் கடிதம், கட்டண விவரம், செவிலியர் பதிவுச் சான்று, மதிப்பெண் பட்டியல்கள் ஆகியவற்றுடன் கிளைக்கு வாருங்கள்.