களம் இறங்கும் முன்னே

"யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே" என்பது பழமொழி. ஆண்டுத்தேர்வு வருவதை அட்டவணை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. பள்ளி விளையாட்டு விழா வருவதை மைதானத்தில் போடப்படும் சுண்ணாம்புக் கோடுகள் சொல்லிவிடுகின்றன. அதுபோலவே, ஒரு கால்பந்து அணி அந்த ஆண்டு எப்படி ஆடப்போகிறது என்பதைப் பருவம் தொடங்கும் முன்னே வெளியாகும் வீராங்கனைகள் பட்டியல் ஓரளவு சொல்லிவிடும். "ஓரளவு" என்று ஏன் சொல்கிறோம்? மணியோசை கேட்டாலும் யானை சில சமயம் வேறு தெருவுக்குத் திரும்பிவிடுவதுண்டு அல்லவா? அத்தகைய ஒரு பட்டியலின் கதையை இக்கட்டுரையில் காண்போம். அது அமெரிக்காவின் போர்ட்லண்ட் தார்ன்ஸ் என்னும் மகளிர் தொழில்முறைக் கால்பந்து அணியின் 2013ஆம் ஆண்டுப் பட்டியல்.

மூன்றாம் முயற்சி

அப்பட்டியலின் அருமையை அறிய, அதற்கு முன் நடந்தவற்றை நாம் அறிய வேண்டும். 1999ஆம் ஆண்டு மகளிர் உலகக் கோப்பையை அமெரிக்கா தன் சொந்த மண்ணிலேயே வென்றது. அந்த உற்சாகத்தில், பெண்கள் ஊதியம் பெற்றுக் கால்பந்து ஆடும் லீக் ஒன்று 2001இல் எட்டு அணிகளுடன் தொடங்கியது. மூன்று பருவங்கள் முடிவதற்குள் சுமார் 10 கோடி டாலர் கரைந்துவிட, 2003 செப்டம்பரில் அது மூடப்பட்டது. இரண்டாவது லீக் 2009இல் பிறந்தது. அதுவும் மூன்று பருவங்களே ஆடி, 2012இல் மறைந்தது. உலகப் புகழ் பெற்ற வீராங்கனைகள்கூட ஒரு நாள் காலையில் வேலை இழந்து நின்றனர்.

எனவே 2013இல் 'தேசிய மகளிர் கால்பந்து லீக்' என்ற பெயரில் மூன்றாவது லீக் எட்டு அணிகளுடன் தொடங்கியபோது, "இதுவும் மூன்று ஆண்டுதானா?" என்ற கேள்வியே எல்லோர் வாயிலும் இருந்தது. இம்முறை செலவைச் சுருக்கினார்கள். ஓர் அணி தன் வீராங்கனைகளுக்குக் கொடுக்கக்கூடிய மொத்த ஊதியமே ஆண்டுக்கு 2,00,000 டாலர்தான். ஒருவருக்கு அதிகபட்சம் 30,000 டாலர். குறைந்தபட்சம் 6,000 டாலர். அமெரிக்காவில் இத்தொகை வீட்டு வாடகைக்கே போதாது. ஆகவே பலர் உள்ளூர்க் குடும்பங்களின் வீடுகளில் தங்கி ஆடினார்கள். சிலர் வேறு வேலையும் பார்த்தார்கள். தேசிய அணி வீராங்கனைகளுக்கு மட்டும் அவரவர் நாட்டுக் கால்பந்துச் சம்மேளனமே ஊதியம் கொடுத்தது.

பட்டியல் உருவான விதம்

நம் வகுப்பில் அணி பிரிக்கும்போது இரண்டு தலைவிகள் நின்று, "எனக்கு இவள், உனக்கு அவள்" என்று மாறி மாறி அழைப்பதில்லையா? ஏறக்குறைய அதே முறைதான் அங்கும் நடந்தது. முதலில், 2013 ஜனவரியில், அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய மூன்று நாட்டுச் சம்மேளனங்களும் தங்கள் வீராங்கனைகள் 55 பேரை எட்டு அணிகளுக்கும் பங்கிட்டன. பிறகு, கல்லூரிப் படிப்பை முடித்தவர்களை அணிகள் வரிசை முறையில் தேர்ந்தெடுத்தன. அதன் பின், வேறு இடங்களில் ஆடிக்கொண்டிருந்தவர்களைத் தனி ஒப்பந்தம் மூலம் சேர்த்தன. கடைசியாக, சோதனைப் பயிற்சிக்கு வந்து திறமை காட்டியவர்களுக்கும் இடம் கிடைத்தது. இப்படிச் சேரும் அணியில் 18 முதல் 20 பேர் வரை இருக்கலாம்.

போர்ட்லண்ட் நகரம் ஓரிகன் மாநிலத்தில் உள்ளது. அதற்கு 'ரோஜா நகரம்' என்று பெயர். ரோஜா இருந்தால் முள்ளும் இருக்கும் அல்லவா? 'தார்ன்ஸ்' என்றால் முட்கள் என்பது பொருள். நடுவில் ரோஜாவும் சுற்றிலும் முட்களுமே அவ்வணியின் சின்னம்.

பங்கீட்டில் இந்த முட்களுக்குக் கிடைத்தவர்கள் எழுவர். அமெரிக்காவிலிருந்து அலெக்ஸ் மார்கன், டோபின் ஹீத், ரேச்சல் புய்லர். கனடாவிலிருந்து கிறிஸ்டின் சின்கிளேர், கரினா லபிளாங்க். மெக்சிகோவிலிருந்து லூஸ் சவுசேடோ, மர்லின் சாண்டோவால்.

எதிரிகள் தோழியரான கதை

இப்பெயர்களைக் கேட்டதும் கால்பந்து ரசிகர்கள் துள்ளிக் குதித்தார்கள். அதற்குக் காரணம் உண்டு. 2012 ஆகஸ்டு 6ஆம் நாள், லண்டன் ஒலிம்பிக்கின் அரையிறுதியில் அமெரிக்காவும் கனடாவும் மோதின. சின்கிளேர் தனி ஒருவராக மூன்று கோல்கள் போட்டார். அமெரிக்கா மூன்று முறையும் சமன் செய்தது. கூடுதல் நேரமும் முடிந்து, நடுவர் விசில் ஊதப்போகும் 123ஆம் நிமிடத்தில், மார்கன் தலையால் முட்டிப் பந்தை வலைக்குள் அனுப்பினார். 4-3 என்று அமெரிக்கா வென்றது. கனடா கண்ணீரோடு வெளியேறியது. அமெரிக்கா தங்கமும், கனடா வெண்கலமும் பெற்றன.

அந்தக் கண்ணீர் காய்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. இப்போது சின்கிளேரும் மார்கனும் ஒரே சிவப்புச் சட்டை அணிந்து, முன்வரிசையில் தோளோடு தோள் நிற்க வேண்டும்! 29 வயதான சின்கிளேர் அதே நகரில் உள்ள போர்ட்லண்ட் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அக்கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் 2002, 2005 ஆகிய ஆண்டுகளில் தேசியக் கல்லூரிப் பட்டம் வெல்லக் காரணமாக இருந்தவர். மார்கனுக்கு வயது 23. ஒருவருக்கு அனுபவம், மற்றவருக்கு வேகம். இதைவிட நல்ல முன்வரிசை வேறு எந்த அணிக்கும் இல்லை என்றே பலரும் கருதினர்.

பலமும் பலவீனமும்

கோல் காப்பாளராக லபிளாங்க் இருந்தார். பின்வரிசையில் புய்லர், நிக்கி மார்ஷல் ஆகியோருடன், புளோரிடா பல்கலைக்கழகத்திலிருந்து அப்போதுதான் வெளிவந்த கேத்ரின் வில்லியம்சனும் இருந்தார். நடுவரிசையில் ஆலி லாங், பெக்கி எட்வர்ட்ஸ் முதலியோர் இருந்தனர்.

பயிற்சியாளர் சிண்டி பார்லோ கோன். இவர் 1999 உலகக் கோப்பையை வென்ற அணியில் ஆடியவர். இரண்டு ஒலிம்பிக் தங்கப் பதக்கங்கள் பெற்றவர். தலையில் பட்ட அடிகளின் விளைவாக 2006இல் ஆட்டத்தை விட்டவர். ஆனால் தொழில்முறை அணி ஒன்றுக்குத் தலைமைப் பயிற்சியாளராவது இவருக்கு இதுவே முதல் தடவை.

குறைகளும் இருந்தன. நடுவரிசையின் உயிரான டோபின் ஹீத் பிரான்சில் பாரிஸ் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். கோடையின் நடுவில்தான் வர முடியும். தேசிய அணிகள் ஆடும் நாட்களில் பெரிய வீராங்கனைகள் பலர் ஒரே சமயத்தில் போய்விடுவார்கள். அப்போது யார் ஆடுவது? பெயர் தெரியாத மற்றவர்கள்தான். ஆகவே ஓர் அணியின் உண்மையான பலத்தைப் பட்டியலின் மேல்பாதியைவிடக் கீழ்ப்பாதியில்தான் தேட வேண்டும் என்பது நாம் கற்கும் முதல் பாடம்.

அப்பட்டியலின் கீழ்ப்பாதியில் மானா ஷிம் என்று ஒரு பெயர் இருந்தது. அவரை எந்த நாடும் பங்கிட்டுத் தரவில்லை. சோதனைப் பயிற்சியில் தன் திறமையைக் காட்டி இடம் பிடித்தவர் அவர். இப்பெயரை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம்.

ஏட்டுச் சுரைக்காய்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அதற்குச் சான்று பக்கத்து மாநிலத்திலேயே இருந்தது. சியாட்டில் ரெயின் அணியின் பட்டியலில் ஹோப் சோலோ, மேகன் ரபினோ, ஏமி ராட்ரிகஸ் என்று மூன்று பெரும் பெயர்கள் மின்னின. ஆனால் சோலோவுக்கு மணிக்கட்டில் அறுவை சிகிச்சை. ரபினோ பிரான்சில் ஆடிக்கொண்டிருந்தார். ராட்ரிகஸ் தாயாகப் போகிறார். மூவருமின்றிப் பருவத்தைத் தொடங்கிய சியாட்டில் முதல் 10 ஆட்டங்களில் ஒன்றில்கூட வெல்லவில்லை. ஆனால் அதே அணி 2014இல் லீக்கின் முதலிடத்தைப் பிடித்தது! பட்டியலை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது எவ்வளவு தவறு என்பதை இதனால் அறிகிறோம்.

பருவம் சொன்ன பதில்

2013 ஏப்ரல் 13ஆம் நாள் லீக்கின் முதல் ஆட்டம். கான்சஸ் சிட்டி அணி மூன்றாம் நிமிடத்திலேயே தார்ன்ஸுக்கு எதிராகக் கோல் போட்டது. சின்கிளேர் பெனால்டி உதை மூலம் சமன் செய்தார். ஏப்ரல் 21ஆம் நாள் போர்ட்லண்டில் நடந்த முதல் ஆட்டத்தைக் காண 16,479 பேர் திரண்டனர். "பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க யார் வருவார்கள்?" என்று கேட்டவர்களுக்கு அந்நகரம் தந்த பதில் அது. பருவம் முழுவதும் சராசரியாக 13,320 பேர் வந்தனர். லீக்கின் மொத்தச் சராசரியோ 4,270தான்.

ஆயினும் எல்லாம் எளிதாக நடந்துவிடவில்லை. மார்கனும் சின்கிளேரும் ஆளுக்கு 8 கோல்கள் போட்டபோதும், 22 ஆட்டங்களின் முடிவில் தார்ன்ஸுக்குக் கிடைத்தது மூன்றாம் இடமே. முதல் மூன்று அணிகளும் 38 புள்ளிகளுடன் சமமாக இருந்தன என்றால் போட்டியின் கடுமையைப் பாருங்கள்! அரையிறுதியில் கான்சஸ் சிட்டியிடம் 2-0 என்று பின்தங்கிய தார்ன்ஸ், விடாமுயற்சியால் 2-2 என்று சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோலைப் போட்டவர் நடுவரிசை ஆலி லாங்.

ஆகஸ்டு 31ஆம் நாள் ராசெஸ்டரில் இறுதியாட்டம். எதிரணி முதலிடம் பெற்ற வெஸ்டர்ன் நியூயார்க் ஃபிளாஷ். தாமதமாக வந்து சேர்ந்த டோபின் ஹீத், 40ஆம் நிமிடத்தில் ஃபிரீ கிக் மூலம் கோல் போட்டார். இரண்டாம் பாதியில் இளைய வில்லியம்சன் வெளியேற்றப்பட, மீதி நேரம் பத்துப் பேரே தாக்குப்பிடித்தனர். கடைசி நிமிடத்தில் சின்கிளேர் இரண்டாம் கோலைப் போட, கோப்பை ரோஜா நகருக்குச் சென்றது. ஓராண்டுக்கு முன் கண்ணீரோடு நின்றவர் அன்று அணித்தலைவியாகக் கோப்பையை உயர்த்தினார்.

பட்டியலில் எழுதப்படாதவை

இத்துடன் கதை முடிந்திருந்தால் நமக்கு இனிமையாக இருந்திருக்கும். ஆனால் உண்மையை மறைக்கலாகாது. பின்வந்த ஆண்டுகளில் இந்த லீக்கின் சில பயிற்சியாளர்கள் வீராங்கனைகளிடம் முறைகேடாக நடந்துகொண்டார்கள். புகார்கள் சென்றும், தார்ன்ஸ் உட்படச் சில அணிகளின் பொறுப்பாளர்கள் உரிய நடவடிக்கை எடுக்கவில்லை. 2021இல் துணிந்து வாய் திறந்தவர்களுள் முக்கியமானவர் யார் தெரியுமா? பட்டியலின் கீழ்ப்பாதியில் நாம் கண்ட மானா ஷிம்தான். அதன் பின் ஒரு வார இறுதியின் ஆட்டங்கள் அனைத்தும் நிறுத்தப்பட்டன. தீர விசாரணை நடந்தது. அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனம் வீராங்கனைகளின் பாதுகாப்புக்காக அமைத்த குழுவுக்கு 2022இல் மானா ஷிம்மையே தலைவியாக்கியது. அப்போது அச்சம்மேளனத்தின் தலைவர் யார்? 2013இல் அவருக்குப் பயிற்சி அளித்த சிண்டி பார்லோ கோன்!

மற்றவர்களும் வெவ்வேறு வழிகளில் உயர்ந்தார்கள். புய்லர் ஆட்டத்தை விட்டபின் மருத்துவம் படித்தார். லபிளாங்க் 2021இல் தார்ன்ஸ் அணிக்கே பொது மேலாளராகத் திரும்பினார். சின்கிளேர் தம் நாட்டுக்காக 190 கோல்கள் போட்டு உலக சாதனை படைத்து, 2024இல் ஓய்வு பெறும்வரை தார்ன்ஸை விட்டு அகலவில்லை.

மூன்றே ஆண்டு என்று கணிக்கப்பட்ட லீக்கோ இன்றும் வாழ்கிறது. வீராங்கனைகள் சங்கம் அமைத்துப் பேசியதன் பயனாக, 6,000 டாலராக இருந்த குறைந்தபட்ச ஊதியம் 2025இல் 48,500 டாலராயிற்று. தோழியரை ஏலச்சரக்குப் போல வரிசையில் எடுக்கும் கல்லூரித் தேர்வு முறையும் 2024இல் ஒழிக்கப்பட்டது. இப்போது எந்த அணியில் ஆடுவது என்பதை வீராங்கனையே முடிவு செய்கிறாள்.

நாம் அறிவது

பருவத்திற்கு முன் வெளியாகும் பட்டியலில் பெயர், வயது, இடம், உயரம் எல்லாம் இருக்கும். பின்தங்கியபோது தளராத உள்ளமும், பத்துப் பேராகக் குறைந்தபோது பன்னிரண்டு பேரின் வேலையைச் செய்யும் ஒற்றுமையும், அநீதியைக் கண்டு வாய் திறக்கும் துணிவும் அதில் எந்தக் கட்டத்திலும் அச்சிடப்படுவதில்லை. அடுத்த முறை நம் பள்ளி அறிவிப்புப் பலகையில் அணிப் பட்டியல் ஒட்டப்படும்போது, முதல் பெயரைப் பார்த்துக் கைதட்டும் நாம், கடைசிப் பெயரையும் ஒரு முறை நின்று வாசிப்போமாக!