தொப்பியில் விழும் சில்லறை

ஒரு சங்கம் நிலைக்கப் பணம் வேணும், தலைவர் வேணும் என்பதுதான் நம்மட கணக்கு. ‘அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்’ இந்தக் கணக்கைப் பொய்யாக்கியது.

1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில், குடியை விட்டிருந்த பில் வில்சனுக்கு மறுபடியும் குடித்துவிடுவோமோ என்ற பயம் வந்தது. அவர் தேடிப்போனது இன்னொரு குடிநோயாளியை. டொக்டர் பொப் ஸ்மித்தோடு பேசியது முதலில் பேசியவரையே காப்பாற்றியது. ஒரு மாதமளவில் டொக்டரும் குடியை விட்டார்.

பின்னர் கோடீஸ்வரர் ரொக்பெல்லரிடம் உதவி கேட்டார்கள். பெரிய பணம் இதைக் கெடுத்துவிடும் என்று 5,000 டொலர் மட்டுமே கொடுத்தார். கசப்பான அந்தப் பதிலே பிறகு விதியானது. 1950இல் ஏற்கப்பட்ட 12 மரபுகளின்படி வெளியார் நன்கொடை வாங்குவதில்லை. சந்தாவும் கிடையாது, கூட்டத்தில் சுற்றிவரும் தொப்பியில் உறுப்பினர்கள் விரும்பிப் போடும் சில்லறைதான். பொறுப்புகள் கைமாறும். பத்திரிகையில் உறுப்பினர் பெயர் வராது.

அப்படியென்றால் வளர்ந்தது எப்படி? குடியை விட்டவர் தான் தவறாமல் இருக்கவே புதியவரைத் தேடுகிறார். நேற்று உதவி பெற்றவர் இன்று உதவுகிறார். அதற்காக இரண்டு மூன்று பேர் கூடினாலே ஒரு குழு. இப்படித்தான் ஏறத்தாழ 180 நாடுகளுக்குப் பரவியது.