விதை போட்டால் புதுப்பூ... குச்சி நட்டால் அதே பூ!

‘நர்சரியில் வாங்கிய ஆரஞ்சு செம்பருத்தியில் காய் பிடித்தது. விதையைப் போட்டேன். வந்த செடியில் வெளிர் மஞ்சள் பூ பூக்கிறது. விதையில் கோளாறா?’ என்று மாங்காடு வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

கோளாறு எதுவும் இல்லை. நர்சரிகளில் விற்கும் வண்ணச் செம்பருத்திகள், பல ரகங்கள் திரும்பத் திரும்பக் கலந்து உருவானவை. ஒரே காயின் விதைகள்கூட ஒன்றுபோல் இருக்காது. கரும்பு விவசாயிகளுக்கு இது எளிதாகப் புரியும். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்கு நிறுவனத்தின் ‘கோ’ ரகங்கள் பெரும்பாலும், கலப்பில் பிறந்த ஒற்றை நாற்றில் தொடங்கி, பிறகு கரணையால் பெருகியவைதான்.

அங்கே கரும்புக் கலப்பில் ஆய்வு செய்தவர், தாவரவியல் அறிஞர் இ.கே.ஜானகி அம்மாள். 1984-ல் மறையும்வரை அவர் வாழ்ந்து ஆய்வு செய்த இடம், மாங்காட்டுக்குப் பக்கத்திலுள்ள மதுரவாயல். கொடைக்கானலில் ரோஜாக் கலப்பில் ஈடுபட்ட வீரராகவன் - கிரிஜா தம்பதி, ஒரு மஞ்சள் ரோஜாவுக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். நம் வெயிலைத் தாங்கும் ரோஜாவுக்காக, மணிப்பூர் மலையின் காட்டு ரோஜாவைக் கலப்பில் சேர்த்தவர்கள் இவர்கள்.

வீட்டிலேயே செய்யலாம்

வெயில் தணிந்த மார்கழி, தை மாதங்கள் ஏற்றவை. அடுக்குச் செம்பருத்தியில் காய் பிடிப்பது அரிது. தாய்ச்செடியாக ஒற்றை அடுக்கு ரகத்தை எடுங்கள். காலையில் பூ விரிந்ததும், நடுத்தண்டிலுள்ள மகரந்தப் பைகளைக் கிள்ளிவிட வேண்டும். தந்தைச்செடிப் பூவின் மகரந்தத்தை, தண்டு நுனியிலுள்ள ஐந்து பொட்டுகளிலும் தடவுங்கள். எந்தச் செடியோடு எது, என்றைக்கு என்று எழுதிய அட்டையைக் காம்பில் கட்டுங்கள். இதை விட்டால் பிறகு கணக்கே தெரியாது.

காம்போடு உதிர்ந்தால் கலப்பு பலிக்கவில்லை. இதழ் மட்டும் விழுந்து காய் பருத்தால் வெற்றி. சுமார் 2 மாதத்தில் காய் பழுப்பாகும்; வெடிப்பதற்குள் பறித்து, விதைகளை ஓர் இரவு ஊறவைத்து, நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டில் விதையுங்கள். பூக்க ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். பெரும்பாலானவை சாதாரணப் பூவாகத்தான் இருக்கும். பிடித்ததை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மாங்காடு சகோதரிக்கு ஒரு வார்த்தை: அந்த மஞ்சள் செடியைப் பிடுங்கிவிடாதீர்கள். அதேபோல் இன்னொன்று விதையில் கிடைக்காது. பூ பிடித்திருந்தால், இன்றே நான்கு குச்சி வெட்டி நட்டுவையுங்கள்.