கியோட்டோவில் ஒலித்த அழைப்பு மணி

கும்பகோணத்தைப் போலவே தெருவுக்குத் தெரு ஆலயம் உள்ள நகரம், ஜப்பானின் பழைய தலைநகரான கியோட்டோ. கும்பகோணத்து அம்மையார் ஒருவர் சென்ற ஆகஸ்ட் மாதம் அங்கே தம் மருமகளின் பிறந்தகத்துக்கு முதன்முறையாகச் சென்றார். மகன் ஒஸாகாவில் பணிபுரிபவர். அங்கேயே ஜப்பானியப் பெண்ணை மணந்துகொண்டவர்.

அம்மையாரின் நெஞ்சில் வெளியே சொல்லாத குறை ஒன்று இருந்தது. கணவர் மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. முதல் ஆண்டுக் காரியங்களை மகன் குறைவறச் செய்தார். அதன்பின், வேலை, தூரம், நடத்தி வைக்க ஆள் இல்லாமை ஆகியவற்றால் அமாவாசைத் தர்ப்பணம் மெல்ல நின்றுபோயிற்று. அவ்வாண்டு ஆடி அமாவாசையும் அவ்வாறே கடந்தது. மகனிடம் கேட்டு அவர் மனத்தை வருத்தவும் விருப்பமில்லை. கேளாதிருக்கவும் மனம் ஒப்பவில்லை. ‘நம் காலத்துக்குப் பிறகு இந்த வீட்டில் முன்னோரை நினைப்பவர் யார்?’ என்ற கவலையோடுதான் அவர் விமானம் ஏறினார்.

வீட்டுக்குள் ஒரு சந்நிதி

மறுநாள் விடியற்காலையில் சம்பந்தி அம்மாள், அடுப்பிலிருந்து இறக்கிய சோற்றில் முதற்பிடியைச் சிறு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு கூடத்துக்குச் சென்றார். அங்கே ‘புத்சுதான்’ எனப்படும் மரத்தாலான பூஜை மாடம் இருந்தது. நடுவில் புத்தர் திருவுருவம். அதனருகே மறைந்தவர்களின் பெயர் பொறித்த சிறு பலகைகள். சோற்றையும் நீரையும் வைத்து, ஊதுவத்தி ஏற்றி, வெண்கலக் கிண்ண மணியை ஒருமுறை தட்டிக் கைகூப்பினார். அவரும் கணவரை இழந்தவர்.

“தினமுமா?” என்று அம்மையார் மருமகளிடம் கேட்டார்.

“தினமும்தான், அம்மா. அப்பாவுக்கு வைத்த பிறகே நாங்கள் சாப்பிடுவோம்” என்றாள் மருமகள்.

காக்கைக்குச் சோறு வைத்த பிறகே இலையில் அமரும் வழக்கமுள்ள அம்மையாருக்கு இதைவிட விளக்கம் தேவைப்படவில்லை.

ஆயிரத்தோரு திருமேனிகள்

அன்று முற்பகல் எல்லோரும் சான்ஜூசான்கென்தோ ஆலயம் சென்றனர். 1164இல் நிறுவப்பட்டுத் தீயில் அழிந்து, 1266இல் மீண்டும் எழுப்பப்பட்ட மண்டபம் அது. ஏறத்தாழ 120 மீட்டர் நீளம். காலணிகளைக் கழற்றிவிட்டே உள்ளே செல்ல வேண்டும். புகைப்படம் எடுக்க அனுமதி இல்லை. நடுவே பெரிய கன்னோன் அமர்ந்திருக்க, இருபுறமும் ஐந்நூறு ஐந்நூறாகப் பொன் பூசிய ஆயிரம் மரத் திருமேனிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. கன்னோன் என்பது கருணையே வடிவான அவலோகிதேசுவரர்.

முன்வரிசையில் நிற்கும் 28 காவல் தேவர்களின் பெயர்களை மருமகள் சொல்லச் சொல்ல, அம்மையார் வியப்பில் ஆழ்ந்தார். ‘போன்தென்’ என்பவர் பிரம்மா; ‘தைஷாகுதென்’ இந்திரன்; ‘நாராயென்’ நாராயணன். பாரதத்திலிருந்து சீனம் வழியாகப் பௌத்தத்தோடு கடல் கடந்த நம் தேவர்கள் இவர்கள். பறவை முகமும் சிறகுகளும் கொண்டு குழலூதி நிற்பவர் ‘கருரா’, அதாவது கருடன்.

“இத்தனை திருமுகங்களில் தேடினால், நாம் காண ஏங்குகிறவரின் முகம் ஒன்று தென்படும் என்பது இங்கே வழங்கும் நம்பிக்கை” என்றாள் மருமகள். சம்பந்தி அம்மாள் பின்வரிசை ஒன்றைச் சுட்டிக்காட்டிப் புன்னகைத்தார். அவர் ஆண்டுதோறும் வந்து பார்க்கும் முகம் அது.

அம்மையாரும் தேடினார், அகப்படவில்லை. ஆனால் திரும்பும்போது, கால்கள் தாமாகவே கருடன் முன்னால் நின்றன. சாரங்கபாணி சுவாமியின் கருட சேவைக்கு ஆண்டு தவறாமல் தோள் கொடுத்தவர் அவர் கணவர். மகனும் அருகில் வந்து நின்றார். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

அழைக்கும் மணி

ஆகஸ்ட் நடுப்பகுதியில் ஜப்பானியர் ‘ஓபோன்’ அனுஷ்டிக்கின்றனர். முன்னோர் அந்நாட்களில் தத்தம் இல்லம் வந்து தங்கிச் செல்வதாக ஐதிகம். அவர்களை வரவேற்க, கியோட்டோ மக்கள் ஆகஸ்ட் 7 முதல் 10 வரை ரொகுதோ சின்னோஜி ஆலயத்தில் திரள்கின்றனர். பழங்காலத்தில் நகரின் இடுகாட்டுக்குச் செல்லும் வழியில் அமைந்த தலம் இது. இங்கே எம்மா என்ற பெயரில் யமதர்மராஜனுக்கும் சந்நிதி உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓனோ நோ தகாமுரா என்ற அரசவை அதிகாரி, இரவுதோறும் இங்குள்ள கிணற்றின் வழியே இறங்கி யமசபையில் பணிபுரிந்தார் என்கிறது தலவரலாறு.

வாயிலில் சம்பந்தி அம்மாள் ‘கோயாமாக்கி’ என்னும் பசுங்கொம்புகளை வாங்கினார். மெல்லிய மரச் சீவல்களில் மறைந்தோரின் பெயரை எழுதித் தருபவரிடம் முதலில் தம் கணவர் பெயரைச் சொன்னார். பிறகு அம்மையாரைத் திரும்பிப் பார்த்தார்.

“உங்கள் மாமாவின் பெயரையும் எழுதச் சொல்கிறார், அம்மா” என்றார் மகன். அவர் குரல் தழுதழுத்தது.

அம்மையார் பெயரோடு கோத்திரத்தையும் சொன்னார். ஜப்பானிய எழுத்தில் பெயர் எழுதப்பட்டது.

அங்குள்ள மணி கண்ணுக்குத் தெரியாது. மூடிய சிறு மண்டபத்திலிருந்து வெளியே வரும் கயிற்றை நம்மை நோக்கி இழுத்தால் உள்ளே மணி ஒலிக்கும். அவ்வோசை மறுவுலகம் வரை கேட்கும் என்பர். பின்னர், பெயர் எழுதிய சீவலை ஊதுவத்திப் புகையில் காட்டி, கல்லாலான ஜிஸோ திருவுருவங்களின் முன் வைத்து, பசுங்கொம்பால் நீர் தெளிக்க வேண்டும்.

கணவர் தர்ப்பணம் செய்த காலமெல்லாம், தாம்பாளமும் எள்ளும் எடுத்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றே பழகியவர் அம்மையார். இன்று சம்பந்தி அம்மாள் கொம்பை அவர் கையில் கொடுத்தார். மும்முறை நீர் தெளித்துவிட்டு, அதை மகனிடம் நீட்டினார். தந்தையின் பெயர் மேல் மகன் நீர் தெளிக்கையில் கண்ணீரும் உடன் விழுந்தது.

வழியனுப்பும் தீ

ஆகஸ்ட் 16 இரவு எட்டு மணிக்கு, வந்த முன்னோரை வழியனுப்ப நகரைச் சூழ்ந்த ஐந்து மலைகளில் தீ ஏற்றப்படுகிறது. முதலில் ஒளிர்வது, 75 தீக்குவியல்களால் ஆன ‘பெரிய’ எனப் பொருள்படும் எழுத்து. அதைக் கண்டு எல்லோரும் கைகூப்பி நின்றனர்.

வீடு திரும்பியதும், “அம்மா, மகாளய அமாவாசை என்றைக்கு வருகிறது?” என்று கேட்டார் மகன். தாம் கேட்கத் தயங்கியதை மகனே கேட்கக் கண்ட அம்மையாருக்கு, பதில் சொல்லச் சற்று நேரம் ஆயிற்று. நாளைச் சொல்லிவிட்டு, “எள்ளுக்கு எங்கே போவாய்?” என்றார்.

மருமகள் அதைத் தன் தாயிடம் ஜப்பானிய மொழியில் சொன்னாள். சம்பந்தி அம்மாள் எழுந்து சமையலறைக்குச் சென்று, கறுப்பு எள் நிரம்பிய ஒரு புட்டியைக் கொண்டுவந்து அம்மையார் முன் வைத்தார்.

அவ்வாண்டு மகாளய அமாவாசையன்று ஒஸாகாவில் தர்ப்பணம் நடந்தது. கும்பகோணத்துச் சாஸ்திரிகள் கைபேசி வழியே மந்திரம் சொன்னார். எள், கியோட்டோ சம்பந்தி வீட்டு எள்.